கொடி மட்டும் அசைந்தது

அந்த அறையில் ஒரு புலி இருந்தது. இரண்டு நரி, ஒரு மான், அலமாரி நிறையப் பறவைகள், சுவரில் ஒரு காளை மாட்டின் தலை...

எதற்கும் உயிர் இல்லை.

தரையில் கிடந்த சந்தனத்துக்கும்!

கழுத்தைச் சுற்றி மெல்லிய இரும்புக் கம்பி. செத்த பறவைகளின் இறக்கைக்குள் செருகி நிமிர்த்துவதற்காக அவரே முறுக்கி வைத்திருந்த கம்பி.

வேட்டையில் விழுந்த மிருகங்களைப் பாடம் பண்ணி, கண்ணாடிக் கண் பதித்து, உயிரோடு நிற்பது போல நிறுத்துவதுதான் சந்தனத்தின் தொழில். குன்றாண்டார்கோவில் கண்மாய்க் கரையில், ஊரை விட்டுத் தள்ளி இருந்தது அவர் வீடு. தோல் நாற்றத்துக்குப் பயந்து யாரும் பக்கத்தில் குடிவரவில்லை.

இன்ஸ்பெக்டர் முத்துராமன் குனிந்து பிணத்தைப் பார்த்தார். நிமிரும்போது முழங்கால் இரண்டும் முணுமுணுத்தன. புதுக்கோட்டை சமஸ்தானத்துப் போலீஸில் இத்தனை வருடம் பிணம் பார்த்ததில் அவருக்குப் பயம் போய், அருவருப்பும் போய், அலுப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"யாருய்யா மொதல்ல பாத்தது?"

"பால்காரருங்க ஐயா," என்றார் ஏட்டு இன்னாசி. "வெயில் ஏறினப்பறம் வந்திருக்காரு. கதவு தெறந்து கெடந்துச்சாம். தெனமும் புலியைப் பாத்துப் பயப்படாத ஆளு, இன்னைக்கு இவரைப் பாத்துட்டு ஊரையே கூட்டிட்டாரு."

இன்னாசியின் கழுத்தில் மாதா சுரூபம், வாயில் நையாண்டி. இரண்டையும் அவர் எந்த இடத்திலும் கழற்றி வைத்ததில்லை.

"இங்கிட்டுப் பாருங்க ஐயா. அலமாரி பூராவும் தூசி. இந்த ஒரு எடம் மட்டும் வட்டமாச் சுத்தமா இருக்கு. ஏதோ நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அதைக் காணோம்."

முத்துராமன் தலையை ஆட்டினார். பார்வை சுவரில் இருந்த காளைத் தலைக்குப் போனது.

"இது யாரோடது?"

"ஆண்டிச்சாமியோடதுங்க. மாட்டுத் தலையைச் சொல்றேன். வண்டிக்காரன். போன மாசம் அவன் சோடி மாட்டுல ஒண்ணு செத்துப் போச்சு. பொதைக்கச் சொல்லிக் குடுத்த ஆளுக தலையை மட்டும் அறுத்து இவருக்கிட்டத் தள்ளி விட்டுட்டாங்க. இவரும் அழகா மாட்டி வச்சுட்டாரு. ஆண்டிச்சாமி பாத்துட்டுக் கதறிட்டான். சந்தை நாள்ல, அத்தனை பேருக்கு முன்னால, 'ஒன் தலையையும் ஒரு நாள் இப்படிச் செவுத்துல மாட்டுறேன்'னு சத்தம் போட்டிருக்கான்."

முத்துராமன் பெருமூச்சு விட்டார்.

பாவம், ஆண்டிச்சாமி. கழுத்தைக் கயிற்றுக்கு முன்கூட்டியே அளவு கொடுத்து விட்டான்!

* * *

கண்மாயின் மறு கரையில் சோளக்கொல்லை. நடுவில் பரண். பரண் மேல் கவணோடு பிச்சையம்மாள். கிளி விரட்டுகிறவள். மார்கழிக் குளிரில் கிளிகளுக்கு முன்னால் எழுந்து, கிளிகளுக்குப் பின்னால் வீட்டுக்குப் போகிறவள்.

"இறங்கி வாம்மா," என்றார் முத்துராமன்.

"நான் எறங்குனா கிளி எறங்கிருமுங்க. இங்கன இருந்தே சொல்றேன்."

முத்துராமன் அண்ணாந்து கொண்டார். கழுத்து வலித்தது.

"விடியறதுக்கு முன்ன, கருக்கல்ல ரெண்டு பேரு வந்தாங்க. படம் புடிக்கிற ரெங்கராஜ் ஐயா தொப்பியோட. பொட்டி தூக்கிக்கிட்டு ஆண்டிச்சாமி, அவன் கறுப்புக் கம்பளியோட. ரெண்டு பேரும் தண்ணிக்கிட்ட இருக்கிற ஓலைக் குடிலுக்குள்ள போனாங்க. செத்த நேரத்துல கம்பளி மட்டும் வெளிய வந்துச்சு. தலையோட போத்திக்கிட்டுக் கரை மேலயே சந்தனம் வீட்டுப் பக்கம் நடந்துச்சு. கொஞ்ச நேரத்துல அந்த வீட்டு வெளக்கு அணைஞ்சுருச்சு."

"அப்புறம்?"

"வெயில் வந்தப்பறம் கம்பளி திரும்பி வந்து குடிலுக்குள்ள போச்சு. தொப்பியும் கம்பளியும் சேர்ந்து வெளிய வந்தாங்க. வண்டி கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"கம்பளி ஆண்டிச்சாமிதான்னு எப்படிம்மா தெரியும்?"

"செகப்பு ஒட்டுப் போட்ட கம்பளிங்க. இந்த ஊர்ல வேற யாருக்கிட்ட இருக்கு? ரெண்டு போச்சு, ஒண்ணு வந்துச்சு. ஒண்ணு போச்சு, ரெண்டு வந்துச்சு. கணக்கு சரியா இருக்குல்ல?"

சரியாகத்தான் இருந்தது.

"அது எதுக்கு ஐயா ரெண்டு பேரு போயி ஒருத்தர் திரும்பணும்?" திரும்பி நடக்கையில் கேட்டார் இன்னாசி.

"பறவைப் படம் எடுக்கறவங்க எல்லாரும் செய்யறதுதான். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஒருத்தர் வெளியே போறதைப் பாத்தா குடில் காலியாயிடுச்சுன்னு நெனைச்சுக்கும். பயமில்லாம பக்கத்துல வரும். உள்ளே இருக்கிற ஆள் படம் எடுப்பான்."

"ஐயாவும் அப்படித்தான் எடுப்பீங்களா?"

முத்துராமன் நடையை எட்டிப் போட்டார். அந்தப் பேச்சு அவருக்குப் புண்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய பிளேட் கேமரா வாங்கினார். லீவு நாளெல்லாம் கண்மாய் கண்மாயாக அலைந்தார். மீன்கொத்தி, நாரை, கொக்கு... எதை எடுத்தாலும் ஒரு தீற்றல். பறவை என்று அவர் சொன்னால்தான் பறவை. இன்னாசி ஒரு தடவை ஒரு படத்தைப் பார்த்து விட்டு, "நல்லா வந்திருக்குங்க ஐயா புகை," என்று சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானமே ஆண்டிச்சாமி லாக்கப்பில் இருந்தான்.

* * *

ரெங்கராஜின் பங்களா புதுக்கோட்டையில். பட்டணத்தில் படித்தவர், சொத்துக்காரர், சமஸ்தானத்திலேயே பெயர் பெற்ற பறவைப் படக்காரர்.

ஹால் சுவர் முழுக்கப் பறவைகள்! இறக்கை விரித்த நாரை. தலைகீழாகப் பாயப் போகும் மீன்கொத்தி. ஒவ்வொரு இறகும் எண்ணுகிற மாதிரி. முத்துராமனுக்கு அங்கே வந்த காரியம் ஒரு நிமிடம் மறந்து போனது. பொறாமையோடு ஒவ்வொரு படமாகக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டர் சார். சந்தனம் விஷயம் கேள்விப்பட்டேன்... கஷ்டமா இருக்கு. கூடவே வந்த வண்டிக்காரன் இப்படிப் பண்ணுவான்னு யார் நெனைச்சா?"

ரெங்கராஜின் வலது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. இடது கை சட்டைப் பைக்குள்.

"கையில என்ன சார்?"

"கண்ணாடி பிளேட்டு. இருட்டறையில கீறிடுச்சு."

"விடியற்காலை நீங்க குடிலை விட்டு வெளியவே வரலையா?"

"எப்படி வர முடியும்? இதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேனே!"

ஒரு பெரிய பிரிண்ட்டை மேஜையில் வைத்தார். முத்துராமன் மூச்சை இழுத்தார்.

கண்மாயில் நட்ட கம்பின் நுனியில் ஒரு வெள்ளைக் கொக்கு. ஒரு கால் தூக்கி, இரண்டு இறக்கையும் அகல விரித்து, பறக்கப் போகிற அந்தக் கணம். ஊசி முனை போலத் தெளிவு. பின்னால் குகைக் கோவிலின் குன்று. உச்சியில் முதல் வெயில்.

"இன்னைக்குக் காலையில எடுத்ததுதான்னு என்ன அத்தாட்சி சார்?" தயங்கித்தான் கேட்டார்.

"குன்று மேல பாருங்க. கொடி தெரியுதா? திருவாதிரைக்காக நேத்துச் சாயங்காலம்தான் கட்டினாங்க. வேணும்னா கோவில்ல கேட்டுக்குங்க."

தெரிந்தது. மூங்கிலும் கொடியும்.

"குடில்ல இருந்தது ரெண்டு பேர். ஒருத்தன் வெளியே போயிட்டான். இந்தப் படத்தை எடுத்தவன் உள்ளே இருந்தவன். இதை ஒரு வண்டிக்காரன் எடுத்திருக்க முடியுமா இன்ஸ்பெக்டர்?"

முடியாது. மூன்று வருடம் தவம் கிடந்த முத்துராமனுக்கு அது யாரை விடவும் நன்றாகத் தெரியும். வாக்குமூலம் எழுதிக் கொண்டார். எழுதி முடித்து, எழுந்து... ஆசையை அடக்க மாட்டாமல் கேட்டு விட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஷட்டர் என்ன வேகம் வச்சீங்க?"

ரெங்கராஜ் முகம் மலர்ந்தது. "ஐந்நூறில் ஒரு பங்கு செகண்டு. இறக்கையை விரிக்கிற பறவைக்கு அதுக்குக் கீழ எறங்கவே கூடாது. எறங்கினா புகைதான்."

"விடியற்காலை வெளிச்சம் அதுக்குப் போதுமா?"

"லென்ஸை முழுசாத் திறந்துட்டேன். லண்டன்லேருந்து புது பிளேட்டு வந்திருக்கு, ரொம்ப வேகம். படத்தைச் சென்னப்பட்டணத்துக் கண்காட்சிக்கு இப்பவே தபால்ல சேர்த்துட்டேன். இந்தப் பிரிண்ட்டை நீங்க வச்சுக்கலாம். கையெழுத்துப் போட்டுத் தரவா?"

முத்துராமன் அதையும் வாங்கிக் கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது.

* * *

"உள்ள இருந்தது நான்தான் எசமான். போனது அவரு."

லாக்கப்பில் ஆண்டிச்சாமி இதையே பல நாளாகச் சொல்லிக் கொண்டிருந்தான். ஒல்லியான மனிதன். சத்தம் போட்டு மாட்டை ஓட்டிப் பழகிய தொண்டை, இப்போது கிசுகிசுத்தது.

"அவரு எதுக்குய்யா ஒன் கம்பளியைப் போத்திக்கிட்டுப் போகணும்?"

"குன்றுப் பக்கம் போயி அங்கிட்டிருந்து பாக்கணும்னாரு. 'தொப்பியைப் பாத்தா கொக்கு மெரளும், ஒன் கம்பளியைக் குடு'ன்னாரு. குடுத்தேன்."

"நீ உள்ள என்ன பண்ணுன?"

"கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக் குனிஞ்சு கெடந்தேன். எட்டிப் பாத்தா கொக்கு பறந்துரும்னு சொல்லியிருந்தாரு. கோயில் மணி அடிச்சதும் படப் பொட்டியில மாட்டியிருந்த ரப்பர் உருண்டையை அமுக்கணும். அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, நம்ம அம்மன் பேரை, 'பிரகதாம்பா'ன்னு நிதானமா ஒரு தடவை சொல்லணும். சொல்லிட்டு விட்டுறணும். அவரு சொன்னபடியே செஞ்சேன் எசமான்."

முத்துராமன் பிரிண்ட்டைக் கம்பிக்கு நேராகப் பிடித்தார். கோபம் வந்தது. கோபப்படக் கூடத் தெம்பில்லாத கோபம்.

"இந்தக் கொக்கைப் பாரு. அம்மன் பேரைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் எந்தக் கொக்காச்சும் இறக்கையை விரிச்சபடி ஆடாம நிக்குமா? பொய் சொல்றதுன்னா நல்லதாச் சொல்லுய்யா. நானும் ஒன்னைக் காப்பாத்தத்தான் பாக்குறேன்."

ஆண்டிச்சாமி கம்பி வழியாகப் படத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"எனக்குத் தெரியலீங்க. நான் குனிஞ்சுதான் கெடந்தேன்." பிறகு மெதுவாகக் கேட்டான். "எசமான்... தூக்குல போட்டுருவாங்களா?"

முத்துராமன் பிரிண்ட்டைச் சுருட்டிக் கொண்டார்.

"அந்த ஒத்த மாடு... நான் கை வச்சாத்தான் தண்ணி குடிக்கும். யாருக்கிட்டயாச்சும் சொல்லி விடுங்க. அது சோடியில்லாம ஏற்கனவே ஏங்கிப் போயிக் கெடக்கு."

* * *

ட்ரிங்... ட்ரிங்...

ஸ்டேஷன் டெலிபோன். எடுக்கும் முன்பே யாரென்று முத்துராமனுக்குத் தெரியும். சூப்பரிண்டெண்ட்.

"என்ன முத்துராமன், வண்டிக்காரன் கேஸ் முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்? மிரட்டினான், நாலு பேர் கேட்டிருக்காங்க. நடந்து போனான், ஒருத்தி பாத்திருக்கா. நாளைக்குச் சார்ஜ் ஷீட் என் மேஜைக்கு வரணும்."

லைன் அறுந்தது.

முத்துராமன் காகிதத்தை எடுத்தார். ஆண்டிச்சாமி என்று எழுதினார். பேனா அதற்கு மேல் நகரவில்லை. லாக்கப்புப் பக்கமிருந்து இருமல் கேட்டது. இவனை அனுப்பி விட்டால் திரும்பி வர மாட்டான். ஒரு மாடு தண்ணீர் குடிக்காமல் நிற்கும். அவ்வளவுதான், ஊருக்கு வேறு நஷ்டமில்லை. அந்த நினைப்பில் பேனாவை மூடி வைத்தார்.

மேஜை டிராயரைத் திறந்தார். அலுப்பு மிஞ்சும்போது அவர் எடுத்துப் பார்க்கிற கட்டு உள்ளே இருந்தது. அவர் எடுத்த படங்கள். புகை மீன்கொத்தி. புகை நாரை. புகைக் கொக்கு.

ரெங்கராஜின் கொக்கையும் பக்கத்தில் வைத்தார்.

ஒரு பக்கம் தெளிவு. ஒரு பக்கம் புகை. தெளிவு, புகை. தெளிவு...

சட்டென்று நிமிர்ந்தார்!

"இன்னாசி, அந்தப் பூதக் கண்ணாடியை எடுத்துட்டு வாய்யா."

"என்னங்க ஐயா?"

"கொடியைப் பாரு."

இன்னாசி குனிந்து பார்த்தார். "இருக்குங்களே. கொஞ்சம் புகையடிச்ச மாதிரி..."

"புகை! நான் எடுத்த கொக்கு மாதிரியே இல்ல?"

இன்னாசி விழித்தார். முத்துராமன் எழுந்து விட்டார். முழங்கால் வலித்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்தத் துண்டை எடு. கொடி மாதிரி வீசு. வீசிக்கிட்டே 'பிரகதாம்பா'ன்னு நிதானமாச் சொல்லு."

"ஐயா, நான் வேதக்காரன்..."

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. சொல்லுய்யா."

இன்னாசி வீசினார், சொன்னார். ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் துண்டு இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், திரும்பி வந்தது.

"கேமராவோட கண்ணு அவ்வளவு நேரமும் தெறந்து கெடந்தா, அசையறது எல்லாம் இழுத்துத் தீத்தின மாதிரிதான் விழும். ஐந்நூறில் ஒரு பங்குல மூடிட்டா, ஆடற கொடி கூட அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி நிக்கணும். இந்தக் கொடி நிக்கலை. அப்போ கண்ணு வெகுநேரம் தெறந்திருக்கு. அம்மன் பேரைச் சொல்ற நேரம்!"

"அப்ப ஆண்டிச்சாமி..."

"நெசத்தைத்தான் சொல்லியிருக்கான். இன்னொண்ணு. லென்ஸை முழுசாத் திறந்தா பக்கத்துல இருக்கிற கொக்கு மட்டும் தெளிவா வரும். பின்னால இருக்கிற குன்று மங்கிப் போகணும். இதுல குன்றும் தெளிவு. லென்ஸோட ஜன்னலைச் சின்னதாத் திறந்திருக்கான். சின்ன ஜன்னல்னா வெளிச்சம் உள்ள வர நேரமாகும்."

"அதெல்லாம் சரிங்க ஐயா. கொடி அசைஞ்சா கொக்கும் அசையணும்ல? அது மட்டும் ஏன் கல்லு மாதிரி நிக்குது?"

முத்துராமன் ஏட்டையே பார்த்தார்.

"சந்தனம் வீட்டு அலமாரியில ஒரு எடம் சுத்தமா இருந்துச்சே... வட்டமா..."

இன்னாசி துண்டைப் போட்டு விட்டுப் பூதக் கண்ணாடியைக் கொக்கின் கண் மேல் வைத்தார்.

முத்துராமன் நாற்காலியில் சாய்ந்தார். கண்டுபிடித்து விட்ட சந்தோஷம் வரவில்லை. அந்த ஹால் சுவர்தான் கண் முன்னால் வந்தது. நாரை, மீன்கொத்தி, இறகு இறகாக... அத்தனையும் பிணம்! ஒரு பிணவறையைப் பார்த்தா பொறாமைப்பட்டோம் என்று கசந்தது.

* * *

"மறுபடியும் பாடம் கேக்க வந்தீங்களா இன்ஸ்பெக்டர்?" ரெங்கராஜ் சிரித்தார்.

"ஆமா சார். ஒரு சின்ன சந்தேகம். ஐந்நூறில் ஒரு பங்குன்னு சொன்னீங்க. கொடி ஏன் சார் புகையா இருக்கு?"

"எந்தக் கொடி?"

முத்துராமன் பூதக் கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்தார். ரெங்கராஜ் அலட்சியமாகக் குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

பறவைப் படக்காரன் பறவையை மட்டும்தான் பார்ப்பான். கொடி, அவரைப் பொறுத்தவரை, தேதி. அது ஆடும் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை.

"அன்னைக்குக் காத்து பலமா இருந்துது..."

"ஐந்நூறில் ஒரு பங்கு காத்தையும் நிறுத்தணுமே சார். நீங்கதானே சொன்னீங்க?"

"இருக்கலாம். ஞாபகப் பிசகு. வெளிச்சம் போதலைன்னு ஒரு செகண்டு கொடுத்திருப்பேன்."

"ஒரு செகண்டா? நல்லது. எழுதிக்கய்யா இன்னாசி." முத்துராமன் குரல் உயரவே இல்லை. "அப்போ அந்தக் கொக்கு ஒத்தைக் கால்ல, இறக்கையை விரிச்சுக்கிட்டு, ஒரு செகண்டு பூரா ஒரு இறகு கூட ஆடாம நின்னுச்சா? உங்க மேல அதுக்கு அவ்வளவு மரியாதையா?"

ரெங்கராஜ் படத்தைத் தள்ளி வைத்தார்.

வேகம் என்று சொன்னால் கொடி காட்டிக் கொடுக்கும். நிதானம் என்று சொன்னால் கொக்கு காட்டிக் கொடுக்கும்!

"இன்னாசி, அந்தக் கேமராப் பெட்டியைத் தெற."

"அதைத் தொடாதே..."

இன்னாசி தொட்டு விட்டார். கேமராவுக்கு அடியில் கறுப்புத் துணி மூட்டை. பிரித்தார். வெள்ளைக் கொக்கு. ஒரு கால் தூக்கி, இறக்கை விரித்து, கண்ணாடிக் கண்ணால் எல்லோரையும் பார்த்தது. வயிற்றுத் தையலில் சந்தனத்தின் நூல்.

"பொம்மைக் கொக்குன்னா யார் வேணும்னாலும் படம் எடுக்கலாம்," என்றார் முத்துராமன். "முந்தின ராத்திரியே இந்தக் கொக்கைக் கம்புல கட்டிட்டு, கருக்கல்ல கேமராவை அதுக்கு நேராத் திருப்பி வச்சுட்டு, வண்டிக்காரனைத் துணிக்குள்ள குனிய வச்சுட்டு, அவன் கம்பளியோட நீங்க போயிட்டீங்க. பறவையை ஏமாத்தற அதே வித்தை. இந்தத் தடவை ஏமாந்தது பரண்ல இருந்த பொம்பளை. திரும்பி வந்ததும் குடில் மறைவுல கொக்கைக் கழட்டித் துணியில சுத்திட்டீங்க. அந்த இடது கையைக் கொஞ்சம் வெளிய எடுங்க சார்."

ரெங்கராஜ் எடுக்கவில்லை. இன்னாசி எடுத்தார். வலது கைக் கட்டையும் அவிழ்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரே கோடு.

"பிளேட்டு கீறினா ஒரு கையில கீறும். கம்பியைப் புடிச்சு இழுத்தாத்தான் ரெண்டு கையிலயும் அறுக்கும்."

ரெங்கராஜ் உட்கார்ந்து விட்டார். சுவரில் இருந்த படங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் காசு கேட்டிருந்தா குடுத்திருப்பேன் இன்ஸ்பெக்டர். பேரைக் கேட்டான். படத்துக்கு அடியில என் பேரோட அவன் பேரும் போடணுமாம். 'படம் ரெங்கராஜ், பறவை சந்தனம்'னு. இல்லேன்னா கண்காட்சியில வந்தே சொல்லுவேன்னான். அப்படிப் போட்டா... அப்புறம் நான் யாரு?"

முத்துராமனுக்கு அதற்குப் பதில் தெரியும். ஆனால் தானும் அந்தச் சுவரைப் பார்த்து ஏங்கியவர்தானே என்று இருந்தது.

"நீங்க உயிருள்ள பறவையை ஒண்ணு கூட எடுத்ததே இல்லையா சார்?"

"ஆரம்பத்துல எடுத்தேன். எல்லாம் புகையா வந்துது."

* * *

லாக்கப்புக் கதவு திறந்தது. ஆண்டிச்சாமி வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக் கொண்டு நின்றான். போகச் சொல்லியும் போகவில்லை.

"என்னய்யா?"

"எசமான், கம்பளி..."

"கம்பளி கோர்ட்டுக்கு வேணும். வேற வாங்கித் தரச் சொல்றேன்."

"கம்பளி கெடக்கட்டுங்க. சந்தனம் ஐயா வீட்டுல... அந்தத் தலை..."

சாட்சியமா, சொத்தா, யாரைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தில் எழுத வேண்டும் என்றெல்லாம் முத்துராமனுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை ஒதுக்கி வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போய்யா. கொண்டு போயி ஒழுங்காப் பொதை."

ஆண்டிச்சாமி கும்பிட்டு விட்டு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் ஓட ஆரம்பித்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்!

முத்துராமன் உள்ளே வந்து டிராயரைத் திறந்தார். தன் படங்களை மேஜையில் பரப்பினார். புகை மீன்கொத்தி. புகை நாரை. புகைக் கொக்கு. எல்லாம் அசைந்திருந்தன. எல்லாம் உயிரோடு இருந்திருக்கின்றன. சமஸ்தானத்தில் உயிருள்ள பறவைகளின் படம் இந்த மேஜையில் மட்டும்தான் இருக்கிறதோ என்று நினைத்தபோது, வெகுநாளைக்குப் பிறகு அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வாசலில் சைக்கிள் மணி. தபால்காரர்.

"ரெங்கராஜ் ஐயாவுக்குத் தந்திங்க. பங்களாவுல ஆள் இல்ல, இங்க இருக்கறதாச் சொன்னாங்க."

முத்துராமன் பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். சென்னப்பட்டணத்துக் கண்காட்சியிலிருந்து வந்திருந்தது. 'விடியற்காலைக் கொக்கு' படத்துக்கு முதல் பரிசு. தங்க மெடல்!

"என்னய்யா பண்றது இன்னாசி? மெடலை யாருக்கு அனுப்பச் சொல்றது? பேர் போட்டுக்கிட்டவன் லாக்கப்புல. கொக்கைச் செஞ்சவர் கல்லறையில. படத்தை எடுத்தவன் மாட்டுத் தலையோட போறான்."

இன்னாசி மேஜை ஓரத்தில் சாட்சியச் சீட்டுக் கட்டி நிறுத்தியிருந்த கொக்கைப் பார்த்தார். அது இறக்கையை விரித்தபடி அவரையே பார்த்துக் கொண்டிருந்தது.

"இதுக்கே குடுத்துருங்க ஐயா. கண்ணாடிக் கண்ணா இருந்தாலும், குடிலுக்குள்ள யார் இருந்தான்னு நேருக்கு நேர் பாத்த சாட்சி இது ஒண்ணுதானே."